உளி பிடித்த ஓவியர் ஹொக்குசாய்

பல ஆண்டுகளுக்கு முன்னர், நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையிலே தொங்கிய நாட்காட்டியொன்றில் அந்தச் சித்திரத்தை முதன்முதலாகக் கண்டேன். சீறியெழுந்த பேரலையொன்று; அதன் நுரைத்த நுனிகள் கழுகின் நகங்களைப் போல வளைந்து நிற்கின்றன. கீழே மூன்று படகுகள். படகோட்டிகள் துடுப்புகளின் மேற் குனிந்து ஒடுங்கிக் கிடக்கின்றனர். தொலைவிலே, அலையின் பள்ளத்துக்குள், பனி மூடிய பியூஜி மலை சிறு நுரைத்திரளைப் போலத் தெரிகின்றது. கடலும் அலையும் படகும் நமக்குப் புதியவையல்ல. ஆயினும் அந்தச் சித்திரத்தின் முன்னே நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

இதனை வரைந்தவர் யப்பானிய ஓவியர் ஹொக்குசாய் என்று நண்பர் சொன்னார். ஒரு மனிதர் கடற்கரையிலே நின்று, தூரிகையைத் தோய்த்து, ஒரே மூச்சில் தீட்டிய ஓவியம் இது என்றே அன்று நான் எண்ணினேன். என் எண்ணம் முற்றிலும் பிழையென்பது பிற்காலத்திலேதான் தெரியவந்தது. அந்தத் தாளிலே ஹொக்குசாயின் தூரிகை ஒருபோதும் பட்டதில்லை. அவருடைய தூரிகை பட்டது வேறொரு தாளில். அந்தத் தாளோ பலகையொன்றின் மேல் ஒட்டப்பட்டு, இன்னொருவரின் கத்தியினால் வெட்டுண்டு அழிந்து போயிற்று. இச்செய்தி முதலில் எனக்கு ஏமாற்றத்தையே தந்தது. பின்னர், தாம் வரைந்ததை வெட்டுவதற்கென்றே கொடுத்துவிட்டு எழுபது ஆண்டுகள் உழைத்த மனிதர் எத்தகையவர் என்று அறியும் ஆவல் பிறந்தது. அவ்வாறு தேடிக் கற்றவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

எடோ நகரமும் மிதக்கும் உலகும்

ஹொக்குசாய் 1760ஆம் ஆண்டு எடோ நகரிலே பிறந்தார். இன்றைய தோக்கியோவின் பழைய பெயரே எடோ. 1603 முதல் தொக்குகாவா குலத்துச் சோகுன்மார் அங்கிருந்து நாட்டை ஆண்டனர். பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரின் மக்கள் தொகை ஏறக்குறையப் பத்து இலட்சம் ஆகியிருந்தது.

அக்காலச் சமுதாய அமைப்பிலே படைவீரர் முதலிடத்திலும், அவருக்குப் பின் உழவரும் கைவினைஞரும், கடைசியிலே வணிகரும் வைத்து எண்ணப்பட்டனர். ஆனால் நகரத்துப் பணமோ நாளடைவில் அந்தக் கடைசி வகுப்பாரின் பெட்டிகளுக்கே போய்ச் சேர்ந்தது. செல்வம் இருந்தும் ஆட்சியிலே இடமில்லாத அம்மக்கள் தம் ஆசைகளை நாடக அரங்குகளிலும், யோசிவாரா என்னும் பரத்தையர் வட்டத்திலும் தீர்த்துக்கொண்டனர். நிலையாத இன்பங்களின் அந்த வாழ்வுக்கு மிதக்கும் உலகு என்று பெயர். அவ்வுலகின் நடிகரையும் அழகியரையும் காட்டிய மரப்பலகை அச்சுச் சித்திரங்களே உக்கியோ-ஏ எனப்பட்டன.

அவை மாளிகைகளுக்கென ஆக்கப்பட்டவையல்ல. சோபா என்று ஒரு மாவுணவு உண்டு. நம் இடியப்பத்தை நீட்டி இழுத்தாற்போன்றது. அதில் ஒரு கிண்ணத்தின் விலைக்குச் சற்று முன்பின்னாகவே ஒரு சித்திரத்தையும் வாங்கிவிடலாம். பார்த்துச் சலித்ததும் வீசிவிடுவதற்கும் மக்கள் தயங்கவில்லை. 1765இல் சுசுக்கி ஹருநோபு என்பாரின் காலத்திலே பலநிற அச்சு முழுமை பெற்று, இக்கலை புதுமெருகு அடைந்தது. அப்பொழுது ஹொக்குசாய் ஐந்து வயதுச் சிறுவர்.

அவருடைய சிறுவயதுப் பெயர் தொக்கிதாரோ. சுமிதா நதிக்குக் கிழக்கே, ஏழை எளியவர் வாழ்ந்த பகுதியிலே வளர்ந்தார். சோகுனுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிகள் செய்துகொடுத்த குடும்பமொன்றிலே வளர்ப்புப் பிள்ளையாக இருந்தார் என்பர். பின்னர், நூல்களை வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் ஏவலாளாக வேலை செய்தார். அந்நூல்கள் எல்லாம் படங்கள் நிறைந்தவை. எழுத்தும் படமும் ஒரே பலகையில் வெட்டப்பட்டவை. அவற்றைப் பார்த்துப் பார்த்தே பையனுக்குச் சித்திரத்தின் மேல் மோகம் பிறந்தது போலும். ஆயினும் 14 வயதளவில் அவர் போய்ச் சேர்ந்தது ஓவியர் ஒருவரிடம் அன்று. பலகை செதுக்கும் தொழிலாளி ஒருவரிடமே. ஏறக்குறைய 18 வயது வரை அவர் கையிலே இருந்தது தூரிகையன்று, கத்தியும் உளியுமே.

நால்வரின் தொழில்

இத்தொழில் நடைபெறும் முறையை வாசகர்களுக்குச் சற்று விளக்கிக் கூறுவது நன்று. ஓர் அச்சுச் சித்திரம் உருவாக நால்வர் வேண்டும். முதலாமவர் பதிப்பாளர். எந்தச் சித்திரம் விலைபோகும் என்று கணக்குப் பார்த்து, முதலிட்டு, மற்ற மூவருக்கும் கூலி கொடுப்பவர் அவரே. செதுக்கி முடிந்த பலகைகளும் அவருக்கே உரியவை. இரண்டாமவர் ஓவியர். அவர் மெல்லிய தாளொன்றிலே கருமையினால் கோடுகளை மட்டும் வரைந்து கொடுப்பார்.

மூன்றாமவர் செதுக்குபவர். அவர் அத்தாளைச் செரி மரப்பலகையின் மேல் முகம் கவிழ்த்து ஒட்டுவார். பின்புறத்தை மெல்லத் தேய்த்துவிட்டால் கோடுகள் ஊடே தெரியும். ஒவ்வொரு கோட்டின் இரு மருங்கிலும் கத்தியை ஓட்டி, இடையிலுள்ள மரத்தை உளியினால் அகற்றுவார். கோடு மேடாக நிற்கும். தாளோ மரத்தூளோடு போய்விடும். ஒரு பெண்ணின் நெற்றியோரத்து மயிரிழைகளை வெட்டுவதற்குத் தலைமைச் செதுக்குநரின் கையே வேண்டும்; ஆடையும் பின்னணியும் இளையவர்களுக்கு விடப்படும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை வெட்டுவர். அவையெல்லாம் தாளிலே ஒன்றன்மேல் ஒன்று பிசகாமற் பொருந்துவதற்குப் பலகையின் மூலையிலும் விளிம்பிலும் சிறு அடையாளங்கள் உண்டு.

நான்காமவர் அச்சிடுபவர். பட்டைநாரினாற் செய்த வலிய தாளை ஈரமாக்கி, நிறம் பூசிய பலகையின் மேல் வைத்து, மூங்கிற் பாளை சுற்றிய வட்டத் திண்டொன்றினாலே கையால் அழுத்தித் தேய்ப்பார். வானத்தின் நீலம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வெளிறிக்கொண்டு வருகின்றதே, அது பலகையில் இல்லை. ஈரத் துணியாலும் தூரிகையாலும் அவர் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே செய்யும் வித்தை அது.

இந்நால்வரையும் விட இன்னொருவரும் உண்டு. அவர் அரசாங்கத் தணிக்கையாளர். 1790 முதல் அச்சுச் சித்திரங்களுக்குத் தணிக்கை முத்திரை வேண்டியதாயிற்று. 1804இல் பேரோவியர் உத்தமாரோ, முன்னாள் ஆட்சியாளரான இதேயோசியைத் தம் சித்திரங்களிலே காட்டியமைக்காகக் கைவிலங்கிடப்பட்டார். இரண்டாண்டுகளில் அவர் மறைந்தார். நூடில்ஸ் விலைக்கு விற்ற தாள்களுக்கு அரசு அவ்வளவு அஞ்சியது.

பெயர்களை உதிர்த்த மனிதர்

1778இல் ஹொக்குசாய் உளியை வைத்துவிட்டு, நடிகர் சித்திரங்களிலே புகழ்பெற்ற கத்சுகாவா சுன்சோவிடம் மாணாக்கராகச் சேர்ந்தார். மறு ஆண்டே சுன்ரோ என்ற பெயருடன் அவர் சித்திரங்கள் வெளிவந்தன. குரு மறைந்தபின் அக்கூட்டத்தை விட்டு நீங்கினார். வேறு பள்ளிகளின் முறைகளையும், ஒல்லாந்தர் வழியாக வந்த மேனாட்டுப் படங்களில் தூரமும் அண்மையும் காட்டப்பட்ட விதத்தையும் தேடிக் கற்றார். வயிற்றுப்பாட்டுக்காகத் தெருவிலே மிளகாய்த்தூளும் பஞ்சாங்கமும் விற்றதாகவும் சொல்வர்.

அவர் வாழ்நாளிலே முப்பதுக்கு மேற்பட்ட பெயர்களைச் சூடிக் களைந்தார். ஒரு பெயர் புகழ் அடைந்ததும் அதனை மாணாக்கர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் புதுப்பெயருடன் தொடங்குவார். வீடு மாறியது 93 தடவை என்பர். வீட்டைக் கூட்டித் துப்புரவு செய்வதைவிட வேறு வீட்டுக்குப் போவது அவருக்கு எளிதாகப் பட்டது. நாம் அறிந்த ஹொக்குசாய் என்னும் பெயர் வடதிசைக் கூடம் என்ற பொருளுடையது. துருவ நட்சத்திரத்தின் மேல் அவர் கொண்ட பக்தியினால் வந்தது அது. ஆண்டுகளை அறுபதாகச் சுற்றி எண்ணும் வழக்கம் நமக்கிருப்பது போலவே யப்பானியருக்கும் உண்டு. அந்தச் சுற்று நிறைந்து 1820இல் மறுசுற்றுத் தொடங்கியபோது, மீண்டும் ஒன்றாம் வயது என்னும் கருத்துப்பட இயிட்சு எனப் பெயர் வைத்துக்கொண்டார். பேரலைச் சித்திரத்தின் மூலையில் இருப்பதும், ஹொக்குசாய் என்பதிலிருந்து இயிட்சுவாக மாறியவர் என்னும் ஒப்பமே. அவர் உதிர்த்துவிட்ட பெயரையே உலகம் பற்றிக்கொண்டது.

புகழ் வராமல் இல்லை. 1804இல் எடோவின் கொக்கோகுஜி ஆலய முற்றத்திலே, 120 பாய்களின் அளவான தாளை விரித்து, தென்னாட்டிலிருந்து சீனம் சென்றவராகக் கூறப்படும் போதிதர்மரின் மாபெரும் உருவத்தைத் தீட்டினார். அருகே நின்றோருக்கு அது இன்னதென்றே விளங்கவில்லை. அரிசி மணியொன்றிலே குருவிகள் வரைந்து காட்டினார் என்ற கதையும் உண்டு. 1814இல் நாகோயா நகரில் அவருடைய மங்கா என்னும் படத்தொகுதியின் முதற் பாகம் வெளிவந்தது. மல்லர், தச்சர், குளிப்போர், மீன், மழை, பேய் என யாவும் இடம்பெற்ற அத்தொகுதி, அவர் மறைவுக்குப் பின்னரும் வளர்ந்து 1878இல் பதினைந்தாம் பாகத்துடன் நிறைவுற்றது.

எழுபது வயதில் எழுந்த அலை

அறுபது வயதுக்குப் பின்னர் துன்பங்கள் அடுத்தடுத்து வந்தன. வாத நோய் தாக்கியது. 1828இல் மனைவி இறந்தார். சூதாடியான பேரன் வைத்த கடன்களை அடைக்கும் பொறுப்பும் கிழவரின் தலையிலே விழுந்தது. கையில் பணமில்லை, நல்ல உடையுமில்லை. பலர் அத்துடன் ஓய்ந்திருப்பர். ஹொக்குசாயின் பெரும் படைப்போ அதன் பின்னரே தொடங்கிற்று.

ஐரோப்பாவிலே பேர்லின் நகரிற் பிறந்த ஒரு நீலநிறம், நாகசாக்கித் துறைமுகத்தின் வழியாக வந்து, 1820களின் இறுதியில் மலிவாகக் கிடைக்கலாயிற்று. அதுவரை இருந்த செடிநீலங்கள் அத்தகைய ஆழமுடையவையல்ல. ஏறக்குறைய 1830இல் பதிப்பாளர் நிஷிமுராயா யோஹாச்சி இப்புது நீலத்தைக் கொண்டு பியூஜி மலையின் 36 தோற்றங்களை வெளியிடத் தொடங்கினார். வரைந்தவர் எழுபது வயது ஹொக்குசாய். பேரலையும் அவ்வரிசையைச் சேர்ந்ததே. நடிகரும் அழகியரும் இருந்த இடத்திலே மலையும் கடலும், பீப்பாய் செய்பவரும் மரம் அறுப்பவரும் வந்து நின்றனர். மக்கள் விரும்பி வாங்கினர். மேலும் பத்துத் தோற்றங்கள் சேர்க்கப்பட்டு வரிசை 46 ஆயிற்று.

இவ்வரிசையிலேயே செம்மலையாகப் பியூஜியைக் காட்டும் சித்திரமொன்று உண்டு. முதலில் அச்சான பிரதிகளிலே அம்மலை விடியற்காலத்து மென்சிவப்பாக இருக்கின்றது. பின்னர் வந்தவற்றிலே செங்கல் நிறமாகத் தடித்துவிட்டது. பலகை தேயத் தேயக் கோடுகளும் உடைந்தன. வரைந்து கொடுத்த பின்னர் ஓவியரின் ஆணை அங்கு எவ்வளவு தூரம் செல்லும்?

இதனை ஹொக்குசாயைவிட நன்கு அறிந்தவர் இலர். ஏனெனில் அவர் கத்தி பிடித்தவர். 1830களிலே அவர் தம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதங்களின் செய்தி நமக்குக் கிடைத்துள்ளது. தம் நூல்களுக்கு எகாவா தொமேகிச்சி என்னும் செதுக்குநரையே அமர்த்தும்படி அவர் வேண்டுகின்றார். தாம் வரையாத கீழ்க்கண்ணிமையைச் செதுக்குபவர் தாமாகச் சேர்க்கக்கூடாது என்கின்றார். மூக்கைப் பற்றியும் எழுதுகின்றார். அக்காலத்தில் உத்தகாவா கூட்டத்தாரின் சித்திரங்களே எங்கும் பெருகியிருந்தன. செதுக்குநரின் கையும் அந்த மூக்குக்கே பழகியிருந்தது. ஆகவே தம் மூக்கு இவ்வாறு, அவர்கள் மூக்கு அவ்வாறு என்று வரைந்தே காட்டி, தமக்கு வேண்டியது தம் மூக்கே என்று தெளிவுபடுத்துகின்றார்.

கையெழுத்துப் பிரதியை அச்சுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அச்சுக்கோப்பவர் எந்த எழுத்தை எங்கே மாற்றிவிடுவாரோ என்று காத்திருந்து பழகிய என் போன்றோருக்கு இக்கடிதங்களின் தவிப்பு நன்கு விளங்கும். ஆனால் நமக்குப் பிழைதிருத்தும் வாய்ப்பு உண்டு. வெட்டுண்ட செரிப்பலகையிலே போன கோடு போனதுதான். ஆதலால் ஹொக்குசாய் தம் கோட்டை மரத்துக்கு ஒப்படைக்கவில்லை, நல்லதொரு கைக்கே ஒப்படைத்தார் என்று நான் கருதுகின்றேன். அக்கையின் அருமை அறிந்தமையாற்றான் அவ்வளவு வற்புறுத்திக் கேட்டார்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1834இல் தொடங்கி வெளிவந்த பியூஜியின் நூறு தோற்றங்கள் என்னும் நூலின் நுண்கோடுகள், எகாவாவும் அவருடைய துணைவரும் செதுக்கியவை. செதுக்குநரின் பெயர்களும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன. அதன் முடிவிலே ஹொக்குசாய் தம்மைப்பற்றி எழுதிய சிறு குறிப்பொன்று உண்டு. ஆறு வயது முதல் வரைந்தும், எழுபது வயதுக்கு முன் வரைந்தவற்றில் மதிப்புடையது எதுவுமில்லை. 73இல் விலங்கு, பறவை, பூச்சி, மீன் ஆகியவற்றின் அமைப்பு ஓரளவு புரிந்தது. இனி வளர்ந்துகொண்டே போனால் 110 வயதிலே ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்பது அதன் கருத்து. பேரலையை வரைந்து முடித்த பின்னர் அவர் இவ்வாறு எழுதினார் என்பதை நாம் மறக்கலாகாது.

மகளும் முதுமையும்

காலம் அவருக்கு இரங்கவில்லை. 1833 முதல் 1837 வரை யப்பானைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அரிசிக்கே வழியில்லாதபோது சித்திரம் வாங்குபவர் யார்? அவர் சிலகாலம் எடோவை நீங்கி உராகாவில் மறைந்து வாழ்ந்தார். 1839இல் வீடு தீப்பற்றி, சேர்த்து வைத்திருந்த வரைபடங்கள் யாவும் சாம்பலாயின. 1842இல் அரசு கொணர்ந்த சீர்திருத்தச் சட்டங்கள் நடிகர், பரத்தையர் சித்திரங்களைத் தடைசெய்து, நிறங்களின் தொகையையும் விலையையும் கட்டுப்படுத்தின.

இக்காலமெல்லாம் அவருடன் இருந்தவர் மகள் ஓயி. ஓவியர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, கணவரின் சித்திரத்தைக் கண்டு நகைத்ததனால் மணமுறிவு ஏற்பட்டுத் தந்தையிடம் திரும்பினார் என்பர். அழகியரை வரைவதிலே தம்மினும் மகளே வல்லவர் என்று ஹொக்குசாய் எண்ணியதாகவும் கூறுவர். தந்தையின் முதுமைக் காலத்துப் படைப்புகளிலே ஓயியின் கை எவ்வளவு கலந்திருந்ததென்று அறிஞர்கள் இன்றும் ஆராய்கின்றனர். தந்தை பெயரின் நிழலிலே நின்ற இன்னொரு கை அது.

எண்பது வயது கடந்தபின்னும் அவர் மலைநாட்டு ஊரான ஒபுசேக்குச் சென்று, திருவிழாத் தேர்களின் விதானங்களுக்கு அலைகள் தீட்டினார். தீமை விலக வேண்டி நாள்தோறும் ஒரு சிங்கம் வரைந்தார். 1849 மே 10ஆந் திகதி, யப்பானியக் கணக்கில் 90 வயதிலே உயிர்நீத்தார். இன்னும் ஐந்தாண்டுகள் கிடைத்திருந்தால் உண்மையான ஓவியனாகியிருப்பேன் என்ற ஏக்கத்துடன் மறைந்தார் என்பர்.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகளில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் எடோ விரிகுடாவுக்குள் வந்தன. யப்பானின் கதவுகள் திறந்தன. சித்திரங்கள் ஐரோப்பாவுக்குச் சென்று ஓவியர் பலரைக் கவர்ந்தன. இசைமேதை தெபுசி 1905இல் கடலைப் பற்றிய தம் படைப்பை அச்சிட்டபோது, அதன் அட்டையை அலங்கரித்தது இதே அலை. 2023இல் நியூயோர்க்கில் நடந்த ஏலத்திலே இதன் பிரதியொன்று 27 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. 2024இல் யப்பான் வெளியிட்ட ஆயிரம் யென் தாளிலும் இவ்வலை எழுந்து நிற்கின்றது.

இவற்றையெல்லாம்விட என் மனத்தைத் தொட்ட செய்தி வேறொன்று. 2020இல் பிரித்தானிய நூதனசாலை, ஹொக்குசாய் தம் கையாலேயே வரைந்த 103 சிறு சித்திரங்களைப் பெற்றுக்கொண்டதாக அறிவித்தது. படக் கலைக்களஞ்சியம் போன்றதொரு நூலுக்காக வரையப்பட்டவை அவை. எக்காரணத்தாலோ அந்நூல் வெளிவரவில்லை. ஆகவே அத்தாள்கள் பலகையில் ஒட்டப்படவுமில்லை, வெட்டப்படவுமில்லை. வெளிவராமற் போனமையாலேயே அவருடைய கைக்கோடு நமக்கு எஞ்சியது. வெளிவந்தவற்றிலோ கோடு அவருடையது, வெட்டு இன்னொருவருடையது, நிறம் மற்றொருவருடையது.

இப்பொழுது அந்த அலையை எங்கே கண்டாலும் என் கண் முதலில் தேடுவது அதன் நுரை நுனிகளையே. அந்த நகங்களை ஒவ்வொன்றாகச் செரிப்பலகையிலே வெட்டியவர் யாரென்று சித்திரத்திலே குறிக்கப்படவில்லை. அந்த நீலத்தைத் தேய்த்தவரின் பெயரும் இல்லை. மூக்கு ஒன்றுக்காகக் கடிதம் எழுதிய கிழவர், அந்த நுரையை வெட்டிய கையைக் கண்டு மகிழ்ந்திருப்பார் என்றே நம்புகின்றேன்.